அப்புவுக்கு நாலு பேர்

இங்கிலாந்தை ட்யூடர் வம்சத்தார் ஆண்ட காலத்தில் அரண்மனையில் பிழைத்தவர்களுக்கு முக்கியமான வேலை ஒன்றுதான். ராஜா எந்தக் கோயிலுக்குப் போகிறார் என்று பார்த்து, அவருக்கு முன்பாக அங்கே போய் விழவேண்டும். பிந்தினால் தலை போய்விடும். பட்டங்கள் மாறியும் தலையைக் கழுத்தின் மேலேயே வைத்திருந்த பிரபுக்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் மூன்று துரைமாருக்குச் சேவகம் செய்த பங்களா அப்புவைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. துரை பங்களாவின் சமையற்காரரை அங்கே அப்பு என்பார்கள். இவருக்குத் தலை போகும் பயம்கூடக் கிடையாது. ஆசையிலேயே விழுந்தவர்.

பெற்றவர்கள் வைத்த பெயர் சின்னத்தம்பி. பிறந்தது தொழிலாளர் குடியிருக்கும் நாலாம் நம்பர் லயத்தில். நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த 1948இல் இவருக்குப் பங்களா குசினி கிடைத்தது. அப்போதிருந்த வெள்ளைக்காரத் துரைக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை, ஜோர்ஜ் என்றார். அடுத்த ஞாயிறே ஜோர்ஜ், துரைக்குப் பின்னால் புரொட்டஸ்தாந்து கோயிலில் நின்று, வார்த்தை தெரியாத பாட்டுக்கு வாயசைத்தார். மாரியம்மன் திருவிழாவில் லயத்துச் சனம் திருநீற்றை நீட்டியபோது, கையில் துரையின் குடை இருக்கிறது என்று சொல்லி விலகிக்கொண்டார்.

1951இல், இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழியில் பிறந்த தோட்டத்துச் சனத்தைப் பிரஜாவுரிமைக்கு மனுப் போடச் சொன்னார்கள். அது கிடைக்காவிட்டால், கண்ணால் காணாத இந்தியாவுக்குக் கப்பலேற வேண்டிவரலாம். லயத்துச் சனம் பிறப்புப் பதிவைத் தேடி அலைந்தது. அப்புவின் படிவத்தைத் துரையே நிரப்பினார், ஜோர்ஜ் என்று. துரை எழுதியதற்கு மேல் கவர்மெண்டு கேள்வி கேட்குமா என்று அப்பு பெருமையடித்துக்கொண்டார்.

அடுத்து வந்த துரை கத்தோலிக்கர். அவருடைய நாய்க்குப் பெயர் ஜோர்ஜ். நாய் பெயரை விட்டுக்கொடுக்கவில்லை. அப்பு விட்டுக்கொடுத்து, ஜோசப் ஆனார். செபமாலையைச் சட்டைக்கு வெளியே, துரையின் கண்ணில் படும்படி போட்டுக்கொண்டார். அதே பக்தியில், லயத்தின் பின்னால் சனம் கறிக்குத் திருட்டுத்தனமாகப் போட்ட கோவாப் பாத்திகள் இருப்பதைத் துரையிடம் போய்ச் சொன்னார். பிடுங்கி எறிந்த பாத்திகளில் முதலாவது, கொழுந்து பறிக்கும் ராக்காயியுடையது. ராக்காயி இவருடைய கூடப்பிறந்த அக்கா.

மூன்றாவதாக வந்தவர் சிங்களத் துரை, பௌத்தர். அப்பு பியசேன ஆனார். பௌர்ணமிப் போயா நாளில் வெள்ளை உடுத்தி, புத்தர் கோயிலான பன்சலையில் பூத்தட்டோடு முன்வரிசையில் இருந்தார்.

1961இல் மனு விசாரணைக்கு வந்தது. பிறந்ததிலிருந்து தெரிந்த ஒருவரைச் சாட்சிக்குக் கூட்டிவரும்படி கடிதத்தில் இருந்தது. அப்போதுதான் அப்பு பிஸ்கட் டின்னைத் திறந்து பார்த்தார். துரைமார் கொடுத்த நற்சான்றுகள் மூன்று. ஒன்று ஜோர்ஜைப் புகழ்ந்தது, ஒன்று ஜோசப்பை, ஒன்று பியசேனவை. பிறப்புப் பதிவில் சின்னத்தம்பி. தோட்டத்தில் ஆள் பெயர் பதியும் செக்ரோலிலோ வெறுமனே ‘அப்பு’.

பதின்மூன்று வருஷத்துக்குப் பிறகு நாலாம் நம்பர் லயத்துக்குப் போனார்.

“வாங்க பியசேன மாத்தயா. வழி கேட்டுக் கேட்டு வந்தீங்களா?” என்றாள் ராக்காயி, ஐயாவைச் சிங்களத்திலேயே போட்டு.

சாட்சி சொல்ல வரவேண்டும். ஆனால் அக்கா என்று மட்டும் சொல்லக்கூடாது, பங்களாவுக்கு மரியாதைக் குறைவு என்றார் அப்பு.

“பின்ன யாருன்னு சொல்ல? ஜோர்ஜுன்னு ஒரு நாய் இருந்துச்சே, அதுக்கு அக்கான்னா?”

ஆனாலும் போனாள். தோட்டத்தில் ஒரு நாள் கூலிக்குப் ‘பேர்’ என்று பெயர். வேலை குறைந்தால் அரைப்பேர். இவர் பெயரை மீட்க அவள் தன் ஒரு பேரை விட்டுவிட்டு நுவரெலியா பஸ் ஏறினாள்.

விசாரித்த அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர். கடுதாசிகளை வரிசையாகப் பரப்பி வைத்தார்.

“இந்த நாலு பேரிலை நீர் ஆர்?”

அப்பு வாய் திறப்பதற்குள் ராக்காயி முந்திக்கொண்டாள். “சின்னத்தம்பிங்க ஐயா. என்னோட தம்பி. நான் இடுப்புல தூக்கி வளத்தவ.”

அதிகாரிக்கு அது போதுமானதாக இருந்தது. பேனாவைத் திறந்துகொண்டு, அப்புவின் பெயர் சின்னத்தம்பிதானா என்று ஒப்புக்குக் கேட்டார். ஆமென்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அப்பு அதிகாரியின் நெற்றியைப் பார்த்தார், திருநீறு இல்லை. கழுத்தைப் பார்த்தார், சிலுவை இல்லை. மேசையில் எந்தச் சாமிப் படமும் இல்லை. பாவம், எந்தப் பக்கம் விழுவது என்று தெரியவில்லை. பங்களாச் சிரிப்பொன்றைச் சிரித்தார்.

“ஐயாவுக்கு எது வசதியோ, அதுங்க.”

பேனா மூடப்பட்டது.

மனுதாரர் இன்னார் என்று நிரூபிக்கப்படவில்லை எனக் கடிதம் வந்தது. நாடில்லாதவரை வைத்துக்கொண்டு தொல்லைப்பட வேண்டாமென்று துரை நானுஓயாவிலிருந்து வேறோர் அப்புவைக் கொண்டுவந்தார். வந்தவருக்கு என்ன பெயரோ, துரை அவரையும் பியசேன என்றே கூப்பிட்டார். பழையவர் பிஸ்கட் டின்னோடு ராக்காயியின் ஒற்றை அறை லயக் காம்பராவுக்கு வந்து சேர்ந்தார்.

மறுநாள் காலை, எல்லோரும் கூடும் பெரட்டுக்களத்தில், வேலைக்கு ஆள் பிரிக்கும் கண்டாக்கு செக்ரோலைத் திறந்து பெயரென்ன என்று கேட்டார். நம்மவர் கண்டாக்கையாவின் நெற்றியை உற்றுப் பார்க்கத் தொடங்கினார்.

“சின்னத்தம்பின்னு எழுதுங்க” என்றாள் பின்னால் நின்ற ராக்காயி.

எழுதினார்கள். மலையேறிப் பழக்கமில்லாத கால். மத்தியானத்தோடு உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு அவருக்கு அரைப்பேர்தான் விழுந்தது.