வெறும் வயிற்றோடு

பதருன்னிசா சிஸ்டரிடம் திட்டு வாங்காதவர்கள் அந்த ஆஸ்பத்திரியில் கிடையாது. கை கழுவாமல் புண்ணின் கட்டைப் பிரிக்கப் போய் டாக்டர் தாமோதரனே வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் சாலையில் யாரோ ஒரு தர்மவான் கட்டிவைத்த சின்ன ஆஸ்பத்திரி அது. பின்கட்டில் பயிற்சி நர்ஸ் பெண்களுக்கு ஒரு வகுப்பறை. பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த அத்தாவிடம், நிக்காஹ் வேண்டாம் வேலைதான் வேண்டும் என்று மல்லுக்கு நின்று வெள்ளைச் சேலை கட்டியவள் பதருன்னிசா. அந்தப் பிடிவாதம் அதட்டலாக அவள் குரலிலேயே தங்கிவிட்டது.

எழுபத்தொன்றாம் வருஷம் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்திலிருந்து ஆதியம்மாள் என்ற மீன்காரி, தன் ஒரே பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். குடலிறக்கம். சின்ன ஆபரேஷன்தான், கவலைப்படாதே என்றார் டாக்டர். முதல் நாள் சாயங்காலம் பதருன்னிசா, எல்லாரிடமும் சொல்வதுபோலவே, "காலையில புள்ளைக்கு ஒண்ணும் குடுக்கக் கூடாது, தெரிஞ்சுதா?" என்று அதட்டிவிட்டுப் போனாள். ஏன் என்று ஆதியம்மாள் கேட்கவில்லை. சிஸ்டரைக் கேள்வி கேட்கும் துணிச்சல் அங்கே யாருக்கு இருந்தது?

காலையில் ஆபரேஷனுக்குப் பையனைத் தூக்கும்போது, "ஏதாச்சும் குடுத்தியா?" என்றாள் பதருன்னிசா.

"இல்ல சிஸ்டரு."

மயக்க மருந்து ஏறிய கொஞ்ச நேரத்தில் பையன் வாந்தி எடுத்தான். அது மூச்சுக்குழலில் இறங்கிவிட்டது. டாக்டர் என்னென்னவோ செய்து பார்த்தார். மேஜையிலேயே பிள்ளை நீலம் பாரித்து அடங்கிவிட்டது. வாயைத் துடைத்தபோது பஞ்சில் சோற்றுப் பருக்கைகள் வந்தன.

பதருன்னிசாவுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. பாவி, உன் கையாலேயே கொன்றாயே என்று கேட்கத்தான் வெளியே வந்தாள். அதற்குள், பிள்ளை போன சேதி எட்டியிருந்த ஆதியம்மாள் அவள் காலைக் கட்டிக்கொண்டாள்.

"பொய் சொல்லிட்டேன் சிஸ்டரு. ஒனக்குத் தெரியாம சோத்தக் கரைச்சு ஊட்டுனேன். கடலுக்குப் போற ஆம்பளையவே வெறும் வவுத்தோட அனுப்ப மாட்டோம். கத்திக்கு எப்டி அனுப்புவேன்? எம்புள்ள பசியோட போவல சிஸ்டரு. வவுறு நெறையத்தான் போனான். எனுக்கு அது ஒண்ணுதான் மிச்சம்."

வாய்வரை வந்த வார்த்தையைப் பதருன்னிசா விழுங்கிக்கொண்டாள். டாக்டரிடம் போய், "சோத்தாலதான்னு சொல்லிடாதீங்க சார், அந்தப் பொம்பளை உயிரை விட்டுடும்" என்று கெஞ்சினாள். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள்.

அன்றோடு வார்டில் அதட்டல் நின்றது. ஆபரேஷனுக்கு வருகிறவர்களின் கட்டிலில் அவளே உட்கார்ந்து, ஏன் சோறு கூடாது என்று விவரமாகச் சொல்வாள். சொன்னதை அவர்கள் வாயால் திருப்பிச் சொல்லவைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். மற்ற நர்சுகள் முணுமுணுத்தார்கள். பொழுது போகாமல் பாடம் நடத்துகிறாள் என்றுகூடச் சொன்னார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பயிற்சிப் பெண்களுக்கும் இதுவே பாடம். "அதட்டுனா பயப்படுவாங்க. பயந்தவங்க ஒளிச்சுத்தான் செய்வாங்க" என்று ஆரம்பித்து, பெயர் சொல்லாமல் அந்தத் தாயின் கதையைச் சொல்வாள். கேட்ட பெண்கள் மறக்கவில்லை. பிறகு அங்கே எந்தக் குழந்தையும் அப்படிப் போகவில்லை.

இரண்டு வருஷம் கழித்து ஆதியம்மாள் திரும்பி வந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள்.

"மீனு விக்க முடில சிஸ்டரு. எம்புள்ள கடைசியா இருந்த எடம் இது. இங்கியே எதுனா ஒரு வேல குடு."

வேண்டாம் என்று சொல்லப் பதருன்னிசாவுக்கு மனசு வரவில்லை. ஆயா வேலை வாங்கிக் கொடுத்தாள். அந்தப் பாடம் வரும் நாளில் மட்டும் ஆதியம்மாளைச் சலவைத்துணி வாங்கிவர அனுப்பிவிடுவாள். கதையை நிறுத்தினால் வேறு எவளாவது சோறூட்டுவாள். சொன்னால் இவள் காதில் விழுந்துவிடலாம். எதை விடுவது?

ஒரு ஐப்பசியில் நல்ல மழை. பதருன்னிசா பெண்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். "அந்தத் தாய் என்ன சொன்னா தெரியுமா? எம்புள்ள பசியோட போவல, வயிறு நிறையத்தான் போனான்னு சொன்னா. அந்தச் சோறுதான் மூச்சை அடைச்சுதுன்னு அவளுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

பெண்கள் வாசலைப் பார்த்தார்கள். துணி காயவில்லை என்று வெறுங்கூடையோடு திரும்பி வந்த ஆதியம்மாள் அங்கே நனைந்துபோய் நின்றிருந்தாள். கூடையைக் கீழே வைத்துவிட்டு நடந்தாள்.

பதருன்னிசா வகுப்பை அப்படியே விட்டாள். மழையில் ஓடிப்போய்த் தேடினாள். துணி துவைக்கும் கல்லின் மேல் ஆதியம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

"இங்கதான் குந்திகினு ஊட்டுனேன்" என்றாள். "அன்னிக்கே சொல்லிருக்கலாமே சிஸ்டரு."

"சொல்லியிருந்தா தாங்கியிருப்பியா ஆதி?"

"இப்ப மட்டும் தாங்குதா?"

பதருன்னிசாவுக்கு அழுகை வந்தது. ஆதியம்மாள் அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. இரவெல்லாம் பதருன்னிசா அவளைத் தன் அறையிலேயே படுக்கவைத்துக்கொண்டாள்.

காலையில் எழுந்து பார்த்தால் பாய் காலி. பதறிப்போய் வார்டுக்கு ஓடினாள். அன்று ஆபரேஷனுக்கு இருந்த ஒரு குழந்தையின் கட்டிலருகே, அதன் தாயின் முன்னால் ஆதியம்மாள் உட்கார்ந்திருந்தாள். பால் டம்ளர் அவள் கையில் இருந்தது. அந்தத் தாய் முந்தானைக்குள் ஒளித்துவைத்திருந்ததைப் பிடுங்கியிருக்கிறாள். குரலில் அதட்டல் துளியும் இல்லை.

"வவுத்துல எதுனா இருந்தா மேல ஏறி மூச்ச அடச்சுக்கும். நான் குட்த்தேன். எம்புள்ள பூட்ச்சு. எங்க, ஏன் குடுக்கக் கூடாதுன்னு நீ திருப்பிச் சொல்லு."

அந்தப் பெண் மிரண்டுபோய்ப் பார்த்தாள். பதருன்னிசா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"சொல்லும்மா" என்றாள் ஆதியம்மாள்.

"குட்த்தா... நீ குட்த்து ஒம்புள்ள செத்த மாரி எம்புள்ளயும் செத்துப்பூடும்."

"ஆங், அதான்" என்று சொல்லிவிட்டு, பாலைக் கொட்ட எழுந்து போனாள் ஆதியம்மாள்.