நம்ம பண்ணை வண்டி

நெல் பொரியும் வாசனையில் மண்ணெண்ணெய் கலந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஐந்து வருடம் கொட்டகையில் கிடந்த ஜீப் மறுபடி உறுமிய அன்று, அதன் புகைக்குழாயிலிருந்து கறுப்புப் புகையோடு கருகிய நெல்லும் பொரியுமாகத் தெறித்து விழுந்தன. களத்து எலிகள் அத்தனை காலமும் அந்தக் குழாயில் நெல்லைச் சேர்த்து வைத்திருந்திருக்கின்றன. அப்பா தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்ததை அன்றுதான் கடைசியாகப் பார்த்தேன் என்று எழுத ஆசைதான், ஆனால் அது பொய். பிறகும் சிரித்திருக்கிறார், கொஞ்சம் குறைவாக.

அப்பா பெயர் கோவிந்தசாமி. குடவாசலுக்கு ஆறேழு மைல் தள்ளியிருந்த எங்கள் ஊரில் பண்ணைக்கு ஜீப் ஓட்டியவர். யுத்தம் முடிந்து பட்டாளத்தில் ஏலம் விட்ட வண்டி அது; ஸ்டியரிங் இடப்பக்கம், மேலே கூரை கிடையாது, ஆகவே ஊரில் அதற்கு "மொட்டை வண்டி" என்று பெயர். கூலி உயர்வு கேட்டுக் கீழத்தெரு ஆட்கள் அறுவடைக்கு இறங்க மறுத்த வருடம், வெளியூர் ஆட்களை ஏற்றி வந்து வயலில் இறக்கியது அந்த வண்டிதான், ஓட்டியது அப்பாதான். நாங்களும் அதே கீழத்தெருவில் பிறந்தவர்கள். அன்றோடு தெருவில் எங்களிடம் பேச்சு நின்றுபோயிற்று; குழாயடியில் அம்மா குடத்தை வைத்தால் முன்னால் நிற்பவள் தன் குடத்தை நகர்த்தி வைத்துக்கொள்வாள்.

பிறகு ஆட்சி மாறியது. தெருமுனைதோறும் கொடிக்கம்பங்கள் முளைத்தன, கறுப்பும் சிவப்பும் ஒரு முனையில், வெறும் சிவப்பு மறு முனையில். பண்ணைக்குச் சொந்தக்காரரான மிராசுதார் ஊர் கசந்து சென்னைக்குக் குடிபோனார். போகிற அன்று அப்பாவைக் கூப்பிட்டு, "இனிமே சம்பளம் கிடையாது கோவிந்தா. வாய்க்காங்கரை அஞ்சு மா நிலத்தையும் நீயே உழுதுக்க, பண்ணைக்குச் சேரவேண்டிய வார நெல்லை ஏஜெண்ட்கிட்ட அளந்துடு. வண்டியையும் பாத்துக்க" என்றார். எல்லாம் வாய்ப்பேச்சு. அந்த நிலத்தின் ஓரத்திலேயே ஒரு குடிசை போட்டுக்கொண்டு வந்துவிட்டோம். ஐந்து வருடம் குறுவை, தாளடி இரண்டு போகமும் அப்பாவும் அம்மாவும் மட்டுமே செய்தார்கள். நடவுக்குக் கூப்பிட்டால் தெருவிலிருந்து யார் வருவார்கள்?

நான் ஏழாம் வகுப்புப் படித்தபோது, நிலத்தை உழுகிறவன் தன் பெயரைக் குத்தகைதாரனாகப் பதிந்துகொள்ளலாம் என்று சட்டம் வந்திருந்தது. அப்பாவுக்காக மனு எழுதிப் போட்டோம். பண்ணை ஏஜெண்ட் எதிர்மனு போட்டார்: அது பண்ணையின் சொந்தச் சாகுபடி, கோவிந்தசாமி சம்பளத்துக்கு இருக்கும் டிரைவர். பதிவாகவில்லை என்றால் நிலமும் போகும், அதன் ஓரத்துக் குடிசையும் போகும். ஒரு அதிகாரி குடவாசல் சத்திரத்தில் வந்து தங்கி விசாரிக்கப்போவதாகத் தாக்கீது வந்தது. உழுததைப் பார்த்த சாட்சிகளைக் கூட்டி வரவேண்டும். பார்த்தவர்கள் என்றால் கீழத்தெருக்காரர்கள்தான்.

அப்பா போய் மாணிக்கம் சித்தப்பா வாசலில் நின்றார். உறவுமுறைக்குத்தான் சித்தப்பா, தெருவில் கூலிக்காரர் சங்கத்தை நடத்தியவர் அவர். வெகுநேரம் அப்பாவை நிற்க வைத்துவிட்டு, "நீ உழுததைப் பாத்தோம், பாத்ததைச் சொல்றோம். உனக்காக இல்ல, உழுதவனுக்காக" என்றாராம். ஆனால் ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டது. பஸ் நின்றுபோயிற்று, ரோட்டில் முழங்கால் தண்ணீர், மாட்டு வண்டி அச்சோடு புதைந்தது. சாட்சிகளில் மூன்று பேர் வயதானவர்கள். அப்போதுதான் அப்பா கொட்டகையைத் திறந்தார்.

அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "அவங்க வண்டியிலயே ஏறிப் போயி அவங்க மேலயே பிராது சொல்லுவீங்களா? பாக்குறவன் என்ன நெனைப்பான்?" என்று கேட்டாள். அப்பாவோ, "அஞ்சு வருஷமா எலி அனுபவிச்சுதே, எலிக்கு இருக்கிற பாத்தியதை எனக்கு இல்லையா?" என்று சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் நுழைந்துகொண்டார். அம்மா சொன்னதில் பாதியாவது அவர் காதில் விழுந்திருக்கலாம்.

பத்து நாள் அந்த வண்டியோடு மல்லுக்கட்டினார். ஒயர்களை எலி தின்றிருந்தது. கிடைத்த துண்டுகளை முறுக்கிச் சேர்த்தார். பற்றவைக்கும் பாயிண்டைத் தீப்பெட்டியின் உரசுபட்டையால் தேய்த்தார். ஒழுகிய ரேடியேட்டரில் ஒரு கை மஞ்சள்தூளைக் கொட்டினார், அது ஓட்டையை அடைத்துவிடும் என்பது டிரைவர்களின் வைத்தியம். டியூப் எல்லாம் மக்கிப்போயிருந்ததால் டயர்களுக்குள் வைக்கோலை முறுக்கி முறுக்கித் திணித்தார். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கச் செய்யும் கம்பி மட்டும் துருவேறி அசைய மறுத்தது. தினம் மண்ணெண்ணெய் ஊற்றி, தட்டி, திட்டி, எட்டாம் நாள் அதையும் அசைத்துவிட்டார். பெட்ரோல் தொட்டி அரித்துப்போனதற்குத்தான் மருந்தில்லை. ஒரு டின்னில் பெட்ரோலை ஊற்றி, குழாய் செருகி, டின்னை உயரத்தில் ஒரு ஆள் பிடித்துக்கொண்டே வரவேண்டும் என்று முடிவாயிற்று.

விசாரணை அன்று காலை தெருவே வேடிக்கை பார்க்க, தாங்கள் காறித் துப்பிய வண்டியில் எட்டுப் பேர் ஏறினார்கள். சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, ஒருவர் மடியில் ஒருவராக உட்கார்ந்தார்கள். மாணிக்கம் சித்தப்பா முன் சீட்டில் டின்னைக் கண்ணாடிச் சட்டத்தின்மேல் பிடித்துக்கொண்டார். அப்பாவுக்கு எழுத்து தெரியாது, ஆகவே காகிதங்களைப் படித்துச் சொல்ல நானும் போனேன். வண்டி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போயிற்று. "பரவாயில்லடா, கெட்டிக்காரன்தான்" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். அத்தனை வருடத்தில் தெரு அப்பாவிடம் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

பாதி வழியில், வேட்டியை இடுப்புவரை தூக்கிக்கட்டிக்கொண்டு, தகரப் பெட்டியைத் தலையில் வைத்துத் தண்ணீரில் தடுமாறியபடி ஒருவர் நின்றிருந்தார். பண்ணை ஏஜெண்ட். அந்த வேகத்தில் நடந்தால் மத்தியானத்துக்குக்கூட அவர் குடவாசல் சேரமாட்டார். எதிர்மனு கேட்பாரில்லாமல் தள்ளுபடியாகும். வண்டியிலிருந்த எல்லோருக்கும் அது தெரிந்தது.

அப்பா வண்டியை நிறுத்தினார். நிறுத்தியதோடு இறங்கி, தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "ஏறுங்க ஐயா, நனையிறீங்களே" என்றார். மாணிக்கம் சித்தப்பா டின்னோடு பின்னால் போனார். மீதி வழி முழுவதும் அவர் பின்னால் நின்றபடி ஏஜெண்டின் தலைக்கு மேலே டின்னைப் பிடித்துக்கொண்டு வந்தார். எனக்கு அழுகை அழுகையாக வந்தது, அப்பாமேல் அவ்வளவு கோபம்.

சத்திரத்து வாசலில் நின்றிருந்த அதிகாரி வண்டி வந்து நின்றதையும், அப்பா குதித்திறங்கி ஏஜெண்டின் கையைப் பிடித்து இறக்கியதையும் பார்த்துக்கொண்டே இருந்தார். சாட்சிகள் எட்டுப் பேரும் நன்றாகத்தான் சொன்னார்கள். கோவிந்தசாமி உழுதான், கோவிந்தசாமி நட்டான், வேறு யாரையும் அந்த வயலில் பார்த்ததில்லை. ஏஜெண்ட் எழுந்து, "இப்பகூட என்னை வெச்சு ஓட்டிக்கிட்டு வந்தது யாருன்னு கேளுங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அதிகாரி கெட்டவராகத் தெரியவில்லை. தணிவாகத்தான் கேட்டார்: "வெளியில நிக்கிற ஜீப் யாருதுப்பா?"

"நம்ம பண்ணை வண்டிங்க" என்றார் அப்பா.

எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். யாருடைய களத்தில் கூலிக்கு நின்றாலும் அது "நம்ம களம்", யாருடைய மாட்டை மேய்த்தாலும் "நம்ம மாடு". அந்த வார்த்தையில் உரிமையும் கிடையாது, பொய்யும் கிடையாது, வெறும் பழக்கம்தான். அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார். பேனா ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது எங்கே போய் முடியும் என்று புரிந்துவிட்டது. அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. கேட்டதற்குச் சரியாகப் பதில் சொன்ன நிம்மதியில் நின்றார்.

திரும்பும்போதும் ஏஜெண்ட் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். நான் ஏறமாட்டேன் என்று நின்றேன். மாணிக்கம் சித்தப்பா என்னைத் தூக்கிப் பின்னால் வைத்து, "விடும்மா. உங்கப்பன் உடம்பு அப்படிப் பழகிப்போச்சு. என் உடம்பு மட்டும் என்ன, டின்னைத் தூக்கிக்கிட்டுத்தானே நிக்குது" என்றார்.

ஒரு மாதம் கழித்து உத்தரவு வந்தது. அப்பா தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்து, கால் கழுவாமல் குந்தி உட்கார்ந்து, "படி செல்வி" என்றார். மனு தள்ளுபடி என்று படித்தேன். காரணங்களைப் படித்தேன். நடுவில் ஒரு வரி இருந்தது: மனுதாரர் தம் வாய்மொழியாகவே "நம்ம பண்ணை" என்று கூறியிருப்பதால் அவர் பண்ணை ஊழியரே என்பது தெளிவாகிறது. அந்த வரியை மட்டும் நான் தாண்டிவிட்டேன். அம்மா அடுப்படியில் சுள்ளியை ஒடித்துக்கொண்டிருந்தாள், அவளிடமும் சொல்லவில்லை.

தை அறுப்போடு நிலம் போயிற்று. மாணிக்கம் சித்தப்பா தன் கொல்லையில் எங்களுக்குக் குடிசை போட இடம் கொடுத்தார், கீழத்தெரு மறுபடி எங்களோடு பேசியது. அப்பா மற்றவர்களோடு கூலிக்குப் போனார். ஜீப்பை வந்து யாரோ இழுத்துக்கொண்டு போனார்கள். அப்பா பார்க்கப் போகவில்லை.

எத்தனையோ வருடம் கழித்து, தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அப்பா திடீரென்று அந்த உத்தரவை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். வீட்டுப் பெட்டியிலிருந்து எடுத்துவந்து படித்தேன், பழையபடியே அந்த வரியைத் தாண்டி. கண்ணை மூடியபடி கேட்டவர், "ஒரு வரி கொறையுதேம்மா" என்றார். "மாணிக்கம் அன்னைக்கே அதைப் படிச்சுச் சொல்லிட்டான். நீ எப்ப படிப்பியோன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்." அப்போதும் நான் படிக்கவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை, திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இப்போது வாய்க்காங்கரையில் வாய்க்கால் இல்லை. அஞ்சு மாவும் மனைக்கட்டுகளாகி, மூலைக்கல்லுக்கு மஞ்சள் வர்ணம் அடித்திருக்கிறார்கள். மிராசுதார் வீட்டுப் பேரப்பிள்ளைகளுக்கு ஊர்ப்பெயரே தெரியாதாம். மாணிக்கம் சித்தப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தக் காகிதம் மட்டும் என்னிடம் இருக்கிறது, மடிப்பில் கிழிந்து. சில நாள் அதை எடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு, அந்த வரியை மட்டும் சத்தமாகப் படிக்கிறேன்.