ஒரு தடவைதான் குறுக்கே வரலாம்

சாரதி போய்விட்ட செய்தியை அவருடைய மனைவி கோதைதான் எனக்குச் சொன்னார். ஆரணியில் என் வீட்டு வாசலில் நெல் மூட்டைகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். போனை எடுத்ததும், "முனிரத்தினம் அண்ணா, காபி கேட்டார். கலந்துண்டு வரதுக்குள்ள போயிட்டார்" என்றார். குரல் உடையவில்லை. பிறகு, "நீங்க நிதானமா வாங்கோ. வேகமா ஓட்டிண்டு வராதீங்கோ" என்றார். கணவன் இறந்த அந்த நேரத்திலும் அப்படிச் சொல்லத் தோன்றியது என்றால், பந்தயம் ஓட்டியவரோடு வாழ்ந்த பழக்கம்தான்.

பார்த்தசாரதி என்ற முழுப்பெயரில் அவரை யாரும் கூப்பிட்டதில்லை. இங்கே கூடியிருக்கும் உங்களில் பலர் அவரைக் காக்களூர்ப் பட்டறையின் சூப்பர்வைசராக அறிவீர்கள். மணவாள நகர்க்காரர்களுக்கு, யார் வீட்டு ஸ்கூட்டர் கிளம்பாவிட்டாலும் வந்து குனிந்து பார்க்கிற பக்கத்து வீட்டுக்காரர். திருவள்ளூர்க் கோயில் கைங்கரியக் குடும்பத்தில் பிறந்தவர். எனக்கோ அவர் முதலில் போட்டியாளர். மற்றதெல்லாம் பிறகு.

சோழவரத்தில் யுத்த காலத்தில் விமானம் இறங்குவதற்காகப் போட்ட கான்கிரீட் ஓடுதளத்தில் வருஷத்துக்கு ஒரு முறை பந்தயம் நடக்கும். நீளமான நேர்ப்பாதை, அது முடியும் இடத்தில் ஒரு கடுமையான வளைவு. வளைவைச் சுற்றி வைக்கோல் கட்டுகளை அடுக்கியிருப்பார்கள். அறுபதுகளின் கடைசியில் ஒரு மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் நான் இரண்டாவதாக வந்துகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் மெட்ராஸில் பேர்பெற்ற வீட்டுப் பிள்ளை ஒருவர். நான் இடப்பக்கம் ஏறினால் அவர் இடப்பக்கம் வந்தார். வலப்பக்கம் போனால் அங்கேயும் வந்தார். வளைவுக்காக பிரேக் பிடித்த பிறகு மறுபடியும் குறுக்கே வந்தார். எனக்குப் போக வேறு இடமில்லை. வைக்கோலுக்குள் புகுந்தேன். முழங்கால் தோல் கிழிந்து பேண்ட்டோடு ஒட்டிக்கொண்டது.

பந்தயம் முடிந்ததும் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஒருவர் என்னிடம் நடந்து வந்தார். எனக்குப் பின்னால் ஓட்டி வந்த சாரதி. அதுவரை அவரோடு நான் பேசியதே இல்லை.

"நிக்க முடியுதா?"

"முடியுது."

"அப்ப வா நைனா, ஆபீசர்கிட்ட போலாம்."

"இன்னாத்துக்கு? ரேஸுன்னா இப்டிதான்."

"இப்டிதான்னா, காலைல அந்த வெளியூர்ப் பையன் இதையே பண்ணதுக்கு ஏன் வெளிய அனுப்பினாங்க?"

அது உண்மைதான். காலைப் பந்தயத்தில் இதே காரியத்தைச் செய்த வெளியூர்க்காரரை நீக்கியிருந்தார்கள். நான் கவனித்திருந்தும் அதை நான் விழுந்ததோடு சேர்த்து நினைக்கவில்லை.

பந்தய அதிகாரிகளுக்குத் தலைவர், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர். எல்லோரும் அவரை மேஜர் என்றே அழைப்போம். கூடாரத்தில் சாய்ந்து உட்கார்ந்து, "முன்னால் போகிறவன் பின்னால் வருகிறவனுக்கு வழி விட வேண்டும் என்று எங்கேயாவது இருக்கிறதா?" என்று கேட்டார்.

"வழி விட வாணாம் சார். மறிக்கட்டும், அது அவன் உரிமை. ஆனா ஒரு தடவ மறிக்கட்டும். ரெண்டாந்தடவயும் குறுக்க வந்தா பின்னால வர்றவன் எங்க போவான்? ஆஸ்பத்திரிக்கா?"

கூடாரத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சாரதி சிரிக்கவில்லை. வெளியே போய், தண்ணீர் கொண்டுவரும் ஆட்களின் இரண்டு சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஒன்றை மேஜரிடம் கொடுத்தார். "நீங்க என்னத் தாண்டிப் போங்க சார். முதல் தடவ ஒரே ஒரு முறை மறிக்கறேன். அடுத்த தடவ இஷ்டத்துக்கு மறிக்கறேன்." அவ்வளவு பெரிய மனிதர் பேண்ட்டை மடித்துக் கட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறியதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. முதல் தடவை சாரதியைத் தாண்டிப் போனார். இரண்டாம் தடவை நேராக வைக்கோலில் போய் விழுந்தார். எழுந்து தலையிலிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டு, "புரிந்தது" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரை எனக்குக் கடைசிவரை பிடிக்கும்.

அடுத்த வருஷம் ஓட்டுநர்கள் எல்லோரையும் நிற்க வைத்து விதியைச் சொன்னார்கள். முன்னால் போகிறவர் தன் இடத்தைக் காக்க ஒரு தடவை விலகலாம். பிரேக் பிடித்த பிறகு விலகக் கூடாது. மீறினால் ஓர் இடம் பின்னுக்கு. சாரதிக்கு அது போதவில்லை. வளைவில் நின்று விதிமீறலைப் பார்க்கும் அதிகாரிகள் பந்தயத்துக்குப் பந்தயம் மாறக் கூடாது, காலையிலிருந்து கடைசிவரை ஒரே ஆள்தான் நிற்க வேண்டும் என்று அடம்பிடித்தார். "சட்டம் போடறது பெரிசில்ல நைனா. காலைல இருந்த சட்டம் மத்தியானமும் இருக்கணும்" என்பார். வெயிலில் நாள் முழுவதும் நிற்க யாரும் முன்வராததால் மேஜரே நின்றார்.

எழுபதுகளின் நடுவில், நான் மறக்கவே முடியாத அந்தப் பந்தயம் வந்தது. இந்த வருஷத்தோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று சாரதி வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தார். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அதுவரை ஒரு முறைகூட அவர் ஜெயித்ததில்லை. காக்களூர்ப் பட்டறை ஆட்கள் ஒரு லாரி நிறைய வந்திருந்தார்கள். அவருடைய அப்பா, மகன் வண்டி ஓட்டுவதைப் பேச்சில்கூடச் சேர்த்துக்கொள்ளாதவர், முதல் தடவையாக வந்து குடையை விரித்துக்கொண்டு கூட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

கடைசிச் சுற்று. சாரதி முன்னால், நான் அவர் பின்சக்கரத்தை ஒட்டி. நேர்ப்பாதையில் நான் இடப்பக்கம் பார்த்தேன், அவர் விலகி மறித்தார். அது அவர் உரிமை. வளைவு நெருங்கியது. இருவரும் பிரேக் பிடித்தோம். நான் வலப்பக்கம் திரும்பினேன். அவரும் வலப்பக்கம் வந்தார். அதே சமயம் இடப்பக்கத்திலிருந்து ஒரு நாய் பாதைக்குள் ஓடி வந்தது. நான் வண்டியை அடக்கிப் பின்தங்கினேன். சாரதி ஜெயித்தார்.

லாரி ஆட்கள் அவரைத் தோளில் தூக்கி இறக்குவதற்குள் மேஜர் வந்துவிட்டார். "பிரேக் பிடித்த பிறகு விலகினாய். ஓர் இடம் பின்னுக்கு" என்றார். அவ்வளவுதான், கூட்டம் கொதித்தது.

"நாயி குறுக்க வந்திச்சி சார்! கண்ணு தெர்லயா?"

"நாங்க பாத்துக்கினு தானே இருந்தோம்!"

மேஜர் நின்ற இடத்திலிருந்து பாதையின் இடப்பக்கத்தை வைக்கோல் கட்டுகள் மறைத்திருந்தன. நாய் அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவர் என்னைப் பார்த்தார். தண்டனை நிலைத்தால் கோப்பை எனக்குத்தான் வரும், ஆகவே அவருக்காக நான் பேசினால் என் வாய்ச்சொல்லுக்கு மதிப்பு இருந்தது.

"நாயி வந்திச்சி சார். நான் பாத்தேன். அது மேல ஏத்தாம இருக்கத்தான் ஒதுங்கினாரு" என்றேன். மனதார நம்பித்தான் சொன்னேன்.

மேஜர் முகத்தில் ஒரு நிம்மதி. "அப்படியானால் தண்டனை இல்லை" என்று சொல்ல வாயெடுத்தார். சாரதி கையை உயர்த்தித் தடுத்தார். முகமெல்லாம் புழுதி, கண்ணைச் சுற்றி மட்டும் வெள்ளை வட்டம்.

"நாய் வந்தது நிஜம் சார். ஆனா நான் ஹேண்டில திருப்பினப்புறம்தான் நாயப் பாத்தேன். முனிரத்தினத்த மறிக்கத்தான் திருப்பினேன்."

லாரி ஆட்களில் ஒருவர் தலையில் கை வைத்துக்கொண்டு, "இன்னா சாரதி, உனுக்கு பைத்தியமா? யாரு கேட்டா உன்ன?" என்றார்.

"யாரும் கேக்கலயே, அதான்" என்றார் சாரதி. குரல் நடுங்கியது. அந்த வெற்றி அவருக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பது அந்த நடுக்கத்தில்தான் எனக்குத் தெரிந்தது. நேர்மையாக இருந்தது அவருக்குச் சுலபமாக இருந்தது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். வண்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அவர் அழுததை நான் பார்த்தேன்.

அப்பா குடையை மடக்கிக்கொண்டு வந்தார்.

"என்னடா, ஜெயிச்சியா?"

"இல்லப்பா. ரெண்டாவது."

"மொதல்ல வந்தவன் யாரு?"

சாரதி என்னைக் காட்டினார். பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆத்துக்குக் கூட்டிண்டு வா. ரெண்டு பேரும் பசியோட நிக்கறேள்" என்றார்.

திருவள்ளூரில் அவர்கள் வீட்டுக்கு அன்று மாலை போனேன். அந்தக் காலம் எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அம்மா எனக்கு அன்பாகத்தான் இலை போட்டார்கள். ஆனால் வாசலை ஒட்டிய நடையில். சாரதியின் இலை உள்ளே கூடத்தில். நான் ஒன்றும் நினைக்கவில்லை. எங்கும் அப்படித்தான் பழக்கம். சாரதி, தனக்குப் பரிமாறியிருந்த இலையை இரண்டு கையாலும் அப்படியே ஏந்திக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மா கரண்டியோடு நின்றுவிட்டார்கள். உள்ளேயிருந்து பெரியவரின் இருமல் கேட்டது. சற்றுக் கழித்து அவரும் நடைக்கு வந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு எனக்கு மறுபக்கத்தில் மெல்ல உட்கார்ந்தார்.

"எனக்கும் இங்கயே போட்டுடு" என்றார் மனைவியிடம்.

அவர்கள் சாத்தமுது என்று சொல்லும் ரசத்தில் மிளகு தூக்கலாக இருந்தது. கண்ணில் நீர் வந்ததற்கு எனக்கு அது வசதியாகப் போயிற்று.

கல்யாணத்துக்குப் பிறகு சாரதி சொன்னபடி ஓட்டுவதை நிறுத்திவிட்டார். மேஜருக்கு வயதாகிவிட்டதால் வளைவில் நிற்கும் வேலையை வாங்கிக்கொண்டார். ஒரு வருஷம் என்னையே ஓர் இடம் பின்னுக்குத் தள்ளினார். நான் சண்டை போட்டேன். "உன் கல்யாணத்துல சாம்பார் வாளி தூக்கினவன் நான்" என்றுகூடக் கத்தினேன். "தூக்கினே. ருசியா இருந்தது. ரெண்டு தடவ விலகினியா இல்லியா?" என்றார். விலகியிருந்தேன். அந்த அறுவடைக்கு அவராகவே பஸ் ஏறி ஆரணிக்கு வந்து, களத்து மேட்டில் என் எதிரில் உட்கார்ந்து, "பேஜாரா இருக்குது நைனா, நீ பேசாம இருந்தா" என்றார். தீர்ப்பை மாற்றிச் சொல்ல வரவில்லை. என்னைப் பார்க்க வந்தார்.

கடைசியாக அவரைச் சந்தித்தது போன மாதம். டாக்டரிடம் போய்வர அவர் மகள் வசந்தா காரை ஓட்டினாள். துணைக்குப் பின்சீட்டில் நானும் உட்கார்ந்தேன். திரும்பும் வழியில் எதைப் பற்றியோ பேசிக்கொண்டிருந்தவர், பாதி வார்த்தையில் தூங்கிப்போய் என் தோளில் சாய்ந்தார். மெலிந்திருந்தார், ஆனாலும் தலை கனத்தது. வெள்ளை முடியில் தேங்காய் எண்ணெய் வாசனை. வீட்டு வாசலில் கார் நின்ற பிறகும் நான் அசையவில்லை. வசந்தா திரும்பிப் பார்த்து, இன்ஜினை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

கோப்பை என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதை யாராவது கேட்டால் கொடுத்துவிடுவேன். அந்தத் தலையின் கனம் என் இடது தோளில் இருக்கிறது. அதைத்தான் நான் வைத்துக்கொள்கிறேன்.