ஐந்தாவது கறை

காரின் கறுப்புப் பானெட்டின் மேல் ஐந்து மாம்பழங்கள் கிடந்தன. மூன்று முழுதாக இருந்தன. இரண்டு விழுந்த வேகத்தில் வெடித்திருந்தன. பெரும்பாலும் செங்காய்கள். காம்பு முறிந்த இடத்திலிருந்து பால் வடிந்து, வெயிலில் காய்ந்த தகட்டின் மேல் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. 1978ஆம் ஆண்டு மாங்கனித் திருவிழாவன்று பிற்பகலில் நான் பார்த்தது இது. அன்றைய நாட்குறிப்பில் 'ஐந்து பழம், நல்ல சகுனம்' என்று எழுதி வைத்திருக்கிறேன். அன்றிருந்த மனநிலையில் வேறெப்படியும் எழுதியிருக்க மாட்டேன்.

கார் என்னுடையதல்ல. காரைக்காலில் பிரெஞ்சு முறைப்படி பத்திரம் எழுதிக்கொடுத்துவந்த நொத்தேர் ஐயாவுடையது. அவரிடம் நான் ஒன்பது ஆண்டுகளாக எழுத்தராக இருந்தேன். பிரெஞ்சு ஆட்சி முடிவதற்கு முன் கப்பலில் வந்து இறங்கிய வண்டி அது. இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் வந்திறங்கிய அதே பெயிண்ட்தான். ஐயா மனைவியை இழந்தவர், பேச்சு குறைவு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரே வண்டியைத் துடைப்பார். வேறு யார் கையிலும் துணியைக் கொடுக்க மாட்டார். அந்த வருடம் மகனைப் பார்க்க மூன்று மாதம் பாரீசுக்குப் போனபோது சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். வாரம் இரண்டு முறை ஓட்டி வைக்க வேண்டும், வாரம் ஒரு கடிதம் எழுத வேண்டும். இந்த இரண்டுதான் அவர் சொன்ன வேலை.

எங்களுக்குத் திருமணமாகி அப்போது எட்டு வருடம். குழந்தை இல்லை. திருவிழாவில் சாமி வீதி உலா வரும்போது மாடிகளிலிருந்து மக்கள் மாம்பழங்களை வாரி இறைப்பார்கள். அதில் ஒன்றைப் பிடித்துச் சாப்பிட்டால் பிள்ளை பிறக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. முந்தைய வருடங்களில் என் மனைவி கூட்டத்தில் இடிபட்டு வெறுங்கையோடு திரும்பியிருந்தாள். இந்த வருடம் காரில் கூட்டிப்போய் இறக்க வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. அதில் அவள் மேலிருந்த பரிவு பாதி, ஊர் பார்க்கட்டும் என்ற எண்ணம் பாதி. சாமி வரும் வீதியில் உறவினர் வீட்டு வாசற்கதவுக்கு உள்ளே, மாடிக்குக் கீழே முற்றத்தில் வண்டியை நிறுத்தினேன். மாடியிலிருந்து எறிந்ததில் தவறியவை பானெட்டின் மேல் விழுந்தன. அவள் ஒன்றை மட்டும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மற்றவற்றை நான் எடுக்கப் போனபோது கையைப் பிடித்தாள்.

"சாமிக்கு எறிஞ்சதுங்க. தானா வந்து ஒக்காந்திருக்கு, நாமளா தள்ளக் கூடாது. காலையில எடுத்துக்கலாம்."

கூட்டத்தில் அன்று வண்டியை வெளியே எடுக்கவும் முடியவில்லை. மறுநாள் காலை மற்றப் பழங்களை எடுத்தபோது, அவள் எடுத்த பழம் கிடந்த இடமும் சேர்த்து ஐந்து இடத்திலும் சாம்பல் நிறத்தில் வட்டங்கள் இருந்தன. மாம்பால் தோலில் பட்டாலே புண்ணாக்கும் என்று தெரிந்த ஊர்க்காரன் நான். பெயிண்ட்டிலும் அது இறங்கும் என்று தோன்றவில்லை.

அடுத்த இரண்டு வாரம் நான் செய்ததெல்லாம் பைத்தியக்காரத்தனம். சோப்புத் தண்ணீரில் கழுவினேன், மண்ணெண்ணெயில் துடைத்தேன். தேங்காய் எண்ணெய் தடவினால் வட்டங்கள் மறைந்துவிடும், ஆறுதலாக இருக்கும். எண்ணெய் உலர்ந்ததும் ஐந்தும் திரும்பி வந்துவிடும். கடைசியில் பல்பொடியை ஈரத்துணியில் தொட்டுத் தேய்த்தேன். கறையைச் சுற்றிப் புதிதாகக் கீறல்கள் விழுந்ததுதான் கண்ட பலன். அந்த இரண்டு வாரமும் பாரீசுக்குப் போன கடிதங்களில் 'கார் நலம்' என்றே எழுதினேன்.

அதற்குப் பிறகுதான் ஒரு பெயிண்டரிடம் போனேன். கருக்களாச்சேரிக்காரர், என் வயதுதான். மீன்பிடிப் படகுகளுக்கு வண்ணம் அடிப்பவர். படகு வேலை இல்லாத மாதங்களில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் கார் வேலை பார்ப்பார். பானெட்டைத் தண்ணீர் விட்டுக் கழுவி, உள்ளங்கையால் நீள வாக்கில் ஒருமுறை தடவினார். பிறகு குனிந்து, அதில் கண்ணாடிபோலத் தெரிந்த தென்னங்கீற்றின் பிம்பத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கறை இருந்த இடங்களில் கீற்று மங்கி உடைந்து தெரிந்தது.

"ஏன் சார், வண்டிக்குப் பல்லு வெளக்கி வுட்டீங்களா?" என்றார். எனக்கு முகம் சுருங்கிப்போனது. அதைப் பார்த்ததும் அவர் அந்தப் பேச்சை விட்டுவிட்டு, ஒரு டம்ளர் டீ வரவழைத்துக் கொடுத்தார்.

வேலை நான்கு நாள் நடந்தது. காலை வெயில் ஏறுவதற்குள் முடித்துக்கொள்வார். தகடு சூடானால் தொடமாட்டார். மிக மெல்லிய உப்புத்தாளை முதல்நாளே சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, பழைய ரப்பர் செருப்பிலிருந்து வெட்டிய துண்டில் சுற்றி, பத்துத் தடவை தேய்ப்பார், தண்ணீர் ஊற்றுவார், பார்ப்பார். பிறகு மெருகேற்றும் காம்பவுண்ட் பசை தொட்ட வெள்ளைத் துணி. நான் அழுத்தி அழுத்தித் தேய்த்த இடங்களை அவர் கை கனமே இல்லாமல் கடந்துபோனது. ஒவ்வொரு முறையும் துணியைத் திருப்பிப் பார்த்தார். கறுப்பாக இருந்தால் பெயிண்ட் இன்னும் இருக்கிறது, சிவப்பு தட்டினால் அடிப்பூச்சு வந்துவிட்டது என்று விளக்கினார். முதல் நாள் ஒரு வட்டம் போனது. மூன்றாம் நாள் முடிவில் நான்கு போய்விட்டன. அந்த இடங்களில் கீற்றின் பிம்பம் உடையாமல் தெரிந்தது. கோயிலில் நிற்பதுபோல நின்றுகொண்டிருந்தேன்.

ஐந்தாவது வட்டம் இடப்பக்க ஓரத்தில், தகடு வளையும் மேட்டில் இருந்தது. நான்காம் நாள் காலை, ஏழெட்டுத் தடவைக்குப் பிறகு துணியைத் திருப்பிப் பார்த்தவர் கையை எடுத்துவிட்டார். வெள்ளைத் துணியில் மங்கலாக ஒரு செம்மை தெரிந்தது. இத்தனை வருடம் ஐயா துடைத்துத் துடைத்து அந்த மேட்டில் பெயிண்ட் ஏற்கெனவே மெலிந்திருக்கிறது, இதற்கு மேல் தாங்காது என்றார். இன்னும் கொஞ்சம் தேய்க்கச் சொன்னேன். மறுத்தார். அந்த இடத்துக்கு மட்டும் புதிதாக அடித்துவிடச் சொன்னேன். அவரிடம் கறுப்பு இருந்தது. அடித்திருந்தால் வேலை முடிந்தது, நானும் நிம்மதியாகப் போயிருப்பேன்.

"புதுக் கறுப்பு வேற, இது வேற சார். நெழல்ல தெரியாது. வெயில்ல நிறுத்துனா ஊருக்கே தெரியும். உங்க ஆபீசுல தப்பா எழுதிட்டா சொரண்டியா வுடுவீங்க? ஐயாகிட்ட சொல்லிடுங்க."

எங்கள் அலுவலகத்தில் சுரண்டுவது கிடையாது. பத்திரத்தில் பிழை விழுந்தால் படிக்கும்படியாக ஒரு கோடு அடித்து, ஓரத்தில் 'இத்தனை சொற்கள் நீக்கப்பட்டன' என்று எழுதி, நொத்தேர் அங்கே கையொப்பம் வைக்க வேண்டும். ஒன்பது வருடம் அந்தச் சட்டத்தை மற்றவர்களின் பத்திரங்களில் கடைப்பிடித்தவன் நான். அன்று வீட்டுக்குப் போய் முழுத்தாளில் எழுதினேன்: திருவிழாவுக்கு வண்டியை எடுத்துப்போனது, பழங்கள் விழுந்தது, பல்பொடி, நான்கு கறை போனது, ஒன்று நின்றது. கடைசி வரியாக, 'இரண்டு கடிதங்களில் எழுதிய கார் நலம் என்ற சொற்கள், மொத்தம் நான்கு, நீக்கப்பட வேண்டியவை.' மனைவியிடம் படித்துக் காட்டினேன். "வேலை போனா போவட்டும், இதக் குடுத்துடுங்க" என்றாள். போனால் வேறு எங்கே போவது என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. ஐயா வந்ததும் கையில் கொடுப்பதென்று வைத்துக்கொண்டு, அதற்குப் பின் போன கடிதங்களில் வண்டியைப் பற்றி எதுவும் எழுதாமல் விட்டேன்.

ஆவணியில் ஐயா திரும்பி வந்தார். சாவியையும் தாளையும் ஒன்றாக மேசையில் வைத்தேன். அவர் முதலில் தாளைப் படித்தார். பிறகு எழுந்து வெளியே போய், கறையின் மேல் கட்டைவிரலை வைத்து வெகுநேரம் நின்றார். திரும்பி வந்து பேனாவை எடுத்தார். கணக்குத் தீர்த்து அனுப்பப்போகிறார் என்று நினைத்தேன். அந்த நான்கு சொற்களுக்கு நேரே, தாளின் ஓரத்தில், பத்திரத்துக்கு வைப்பதுபோலத் தன் சுருக்கக் கையொப்பத்தை வைத்தார்.

"பழம் சாப்பிட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார். சாப்பிட்டாள் என்றேன். சாவியை என் பக்கம் தள்ளிவிட்டு அடுத்த பத்திரத்தைக் கேட்டார்.

எங்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. படிப்பவர்கள் காத்திருக்க வேண்டாம் என்பதற்காக இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஐயா 1986இல் காலமானார். மகன் வந்து வண்டியைப் புதுச்சேரியில் ஒருவருக்கு விற்றுவிட்டார். வாங்கியவர் முழுக்கப் புதுப் பெயிண்ட் அடித்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். பெயிண்டரின் மகன்தான் இன்று எங்கள் வீட்டுக் கதவு ஜன்னல்களுக்கு வண்ணம் அடிக்கிறார், அவரும் அவசரப்படுவதில்லை. ஒரு மனிதர் எனக்காகக் கையை நிறுத்தினார், இன்னொருவர் எனக்காகப் பேனாவை எடுத்தார். அதற்குப் பிறகு என் எழுத்தில் நான் எதையும் சுரண்டியதில்லை.

1979 திருவிழாவன்று நான் விடுப்புக் கேட்கவில்லை. கேட்கும் தைரியம் இல்லை. காலையில் நான் அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது எங்கள் வீட்டு வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. ஐயாவே ஓட்டி வந்திருந்தார். எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு, அதே உறவினர் வீட்டுக்கு வழி காட்டச் சொன்னார். வாசற்கதவுக்கு உள்ளே நிறுத்தியதும், பின்சீட்டிலிருந்து தடித்த ஜமுக்காளம் ஒன்றை எடுத்து, பானெட் முழுவதும் மூடும்படி நான்கு மூலையும் இழுத்து விரித்தார். மாடியில் கூடைகளோடு நின்றவர்களை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு காரின் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு என் மனைவியிடம் சொன்னார்:

"வுழறது வுழட்டும். நீ நெழல்ல ஒக்காரும்மா."