முப்பது கிலோமீட்டர் சாம்பார்

2024 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை, காலை 9.40. மூடுபனி விலகி வெயில் ஏறிக்கொண்டிருந்தது. காற்று அறவே இல்லை. கருங்குழியில் எங்கள் வீட்டுச் சமையலறையின் 27 டப்பாக்களையும் தரையில் இறக்கி, எது எங்கிருந்து வந்தது என்று விசாரித்துக்கொண்டிருந்தேன்.

மதியம் ஒரு பிரெஞ்சுப் பெண்மணி சாப்பிட வருகிறார். அவர் ஊரில் விவசாயிகளே நடத்தும் உணவுக் கூட்டுறவு இருக்கிறதாம். விளைகிற ஊரிலேயே சாப்பிட்டுத் தீர்ப்பது எப்படி என்று அவர்கள் நமக்கும் நாம் அவர்களுக்கும் சொல்லிக்கொள்ள வேண்டும். மாமல்லபுரத்தில் அவர் தங்கியிருந்த விடுதியின் முதலாளி செய்த ஏற்பாடு. என் மருமகள் அரை ஏக்கரில் காய்கறி போடுகிறாள். முந்தின நாள் சாயங்காலம் வயலைப் பார்க்க வந்த அந்த அம்மாள், தன் ஊர்ப் பொருள் என்று அவள் கையில் ஒரு பையைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். சாப்பாடு அந்த அம்மாளுக்குப் பிடித்துவிட்டால் விடுதிக்கு வாராவாரம் அவளுடைய காய்கறிதான் என்று முதலாளி சொல்லியிருந்தார். நிபந்தனை ஒன்று: இலையில் விழுவதெல்லாம் முப்பது கிலோமீட்டருக்குள் விளைந்திருக்க வேண்டும்.

நில அளவைத் துறையில் 31 வருடம் இருந்தவன் என்பதால் தூரத்தை என்னிடம் விட்டார்கள். பாக்கெட்டுகளின் பின்புறத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். துவரம்பருப்பு மகாராஷ்டிரம். கடுகு ராஜஸ்தான். பெருங்காயத்தின் பூர்வீகம் ஆப்கானிஸ்தான் என்று தெரிந்தபோது எனக்கே கொஞ்சம் பயமாகிவிட்டது. உப்பு மட்டும் முன்யோசனையாகச் செய்து வைத்திருந்தேன். சதுரங்கப்பட்டினத்தில் ஆறு லிட்டர் கடல்நீர் பிடித்து வந்து காய்ச்சியதில் 190 கிராம் தேறியது. கடல், பஸ்ஸில் போனால் 37 கிலோமீட்டர், நேர்கோட்டில் 28. நேர்கோட்டை அனுமதித்தேன்.

தேறியவை எட்டு டப்பா. மருமகள் டப்பாக்களையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

"இன்னா மாமா, கடுகு இல்ல, பருப்பு இல்ல. சாம்பாரு எங்கேர்ந்து வரும்? பேசாம அந்தம்மாவ நம்ம வயல்ல மேய வுட்டுடலாமா?"

12.50க்குக் கார் வந்தது. ஒவ்வொரு பாத்திரத்திலும் தூரம் எழுதிய துண்டை ஒட்டியிருந்தேன். அரிசி 600 மீட்டர், கத்தரிக்காய் 200, புளி கொல்லையிலிருந்து 11. சாம்பார் கெட்டியாக இருந்தது எனக்கு உறுத்தியது, கேட்க நேரமில்லை.

அந்த அம்மாள் சாம்பாரை நான்கு கரண்டி வாங்கினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஏதோ சொன்னார். முதலாளி தமிழில் சொன்னார்: அவர்கள் ஊரிலும் ஒரு பருப்பு விளைகிறதாம், ஆனால் இந்த ருசி வராதாம், இது இந்த மண்ணுக்கே உரியதாம்.

நான் சமையலறைக்குள் போய், அது என்ன பருப்பு என்று கேட்டேன்.

"நேத்து சாயங்காலம் அந்தம்மா பையில குடுத்தாங்களே, அதான் மாமா. கொண்டாந்தவங்களுக்கே மொதல்ல ஆக்கிப் போடறதுதான மரியாத? வறுத்து, ஒடச்சி, தோலு பொடச்சிட்டேன்."

நேர்கோட்டில் ஏறத்தாழ எண்ணாயிரம் கிலோமீட்டர். உடனே போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று திரும்பினேன். அவள் கரண்டியைக் குறுக்கே நீட்டினாள்.

"அவரு ஆர்டரு எழுதிக்கினு கீறாரு மாமா. எழுதி முடிக்கட்டும்."

எழுதி முடித்தார். காய்கறி வாராவாரம். அந்த அம்மாள் இருக்கும் மூன்று வாரமும் அதே பருப்பு இரண்டிரண்டு கிலோ. அவர் ஊருக்குக் கொண்டுபோக இன்னும் ஒரு கிலோ.

துவரம்பருப்பைத் தள்ளியது நான் என்பதால் இந்தப் பருப்பு என் பென்ஷனில்தான் என்று மருமகள் தீர்ப்புச் சொன்னாள். நியாயம்தான். தேடிப் பார்த்ததில், வெளிநாட்டுச் சாமான் விற்கும் கடை ஒன்று மாமல்லபுரத்திலேயே, அந்த விடுதிக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது. அதே பிரெஞ்சுப் பருப்பு, அரைக் கிலோ 640 ரூபாய். வாங்கிக்கொண்டு பஸ்ஸில் கருங்குழி வருவேன். அவள் வறுத்து உடைத்துப் புடைத்து, காய்கறியோடு மாமல்லபுரத்துக்கே திருப்பி அனுப்புவாள். துண்டில் தூரம் எழுத வேண்டுமே. பொய் எழுதிப் பழக்கமில்லை. கடையிலிருந்து விடுதிவரை நடந்து அளந்து, 260 மீட்டர் என்று எழுதினேன்.

அந்த அம்மாள் ஒரு கிலோவைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஊருக்குப் போனார். காய்கறி இன்றைக்கும் போய்க்கொண்டிருக்கிறது. பருப்பு ஏழு கிலோ, 8,960. பஸ் மூன்று முறை போக வர, 270. ஆக எனக்கு ஆனது 9,230 ரூபாய்.