கும்பத்தடியில் வைத்த சொற்கள்

எங்கள் வீட்டு அலுமாரியில் ஆங்கிலப் பெயர் ஒட்டிய அன்றே, இனி அதைத் திறக்கமாட்டேன் என்று நான் அறிவித்தேன். சட்டையை யாராவது எடுத்துத் தந்தால் போடுவேன், இல்லாவிட்டால் போட்டிருப்பதோடு இருப்பேன். மறுநாள் காலை அம்மா முதுகில் ஒன்று வைத்தார், திறந்தேன். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு, அந்தப் பெயரை வாசிக்காமல்தான் திறந்தேன். நான் அடங்கிப்போனேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

ஒட்டியவர் அப்பா. யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து கண்டிக் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கெலிஓயாவில் வாடகை வீடு. அந்த வீட்டில் ஆங்கிலம் படிக்கவேண்டிய நிலையில் இரண்டு பேர் இருந்தோம். ஒன்று நான். ஆறாம் தரத்தில் படித்தேன், எங்கள் பாடசாலையில் ஆங்கிலச் சொற்போட்டி வர இருந்தது. மற்றவர் சித்தி, அம்மாவின் தங்கை. கண்டியில் ஒரு துணிக்கடையில் வேலை. அவருக்கு லண்டனில் ஒரு மாப்பிள்ளை முற்றாகியிருந்தது. அங்கே போவதென்றால் முதலில் கொழும்பில் ஓர் ஆங்கிலச் சோதனை எழுதித் தேறவேண்டுமாம்.

அந்தச் சோதனையில் என்ன கேட்பார்கள் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. தெரியாது என்று சொல்லும் பழக்கம் அப்பாவுக்குக் கிடையாது. ஆங்கிலம் என்றால் சொல்லும் எழுத்துக்கூட்டலும்தான், மிச்சமெல்லாம் தானாக வரும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அலுமாரி, கதிரை, யன்னல், தண்ணீர்க்குடம், தேங்காய் துருவி என்று வீட்டில் ஒரு சாமானையும் விடவில்லை. எல்லாவற்றிலும் வெள்ளை மட்டையில் பெரிய ஆங்கில எழுத்து. பின்னேரம் என்னையும் சித்தியையும் ஒரே பாயில் இருத்தி, கையில் ஒரு தடித்த சொற்புத்தகத்தோடு கேள்வி கேட்பார்.

நான் வேண்டுமென்றே பிழைவிடுவேன். சித்தியும் பிழைவிடுவார். "அத்தான், அதில ரெண்டு எஸ்ஸோ ஒரு எஸ்ஸோ?" என்று நடுங்குவார். அப்பா தலையில் கைவைப்பார். எனக்கு அப்பாமீது ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

ஏனென்றால் சித்தி அப்படி மக்கு இல்லை என்பது எனக்குத் தெரியும். பாடசாலை விட்டதும் நான் சித்தியின் கடைக்குப் போவேன், இருவரும் கெலிஓயாவைத் தாண்டிக் கம்பளைக்குப் போகும் பஸ்ஸில் ஏறி வருவோம். அந்த பஸ்ஸில்தான் எனக்கு உண்மையாக ஆங்கிலம் வந்தது. தெருவோரப் பெயர்ப்பலகை ஒன்றைக் காட்டுவார், பஸ் அதைக் கடந்ததும் பார்க்காமல் எழுத்துக்கூட்டவேண்டும். நான் தடுமாறினால் சித்தி ஒரே மூச்சில் சொல்லிவிட்டு என் மூக்கைக் கிள்ளுவார். அப்பாவுக்குப் பயந்துதான் வீட்டில் எல்லாம் மறந்துபோகிறது என்று எண்ணிக்கொண்டேன்.

ஒருநாள் பேராதனைப் பாலத்தில் பஸ் நின்றபோது கேட்டேன்.

"லண்டனுக்குப் போகாதேங்கோ சித்தி."

"அதை முடிவெடுக்கிறது நானோ குஞ்சு?" என்றார் சித்தி. "என்னட்டை ஆர் கேட்டவை?"

என்னோடு ஒரே கட்டிலில் படுப்பவர், என் தலையை இழுக்காமல் பின்னிவிடும் ஒரே ஆள். அவரை ஒரு கட்டுச் சொற்களைப் படிப்பித்து விமானத்தில் ஏற்றப் பார்க்கிறார்கள். நடக்கவிடமாட்டேன் என்று அங்கேயே முடிவுசெய்தேன். எப்படி என்றுதான் தெரியவில்லை.

வழி நவராத்திரியோடு வந்தது. கடைசி மூன்று நாளும் எங்கள் வீட்டில் புத்தகங்களைச் சரஸ்வதி படத்துக்கு முன்னால் கும்பத்தடியில் அடுக்கி, வெள்ளைத் துணியால் மூடிவிடுவோம். வைத்தால் வைத்ததுதான். விஜயதசமியன்று காலையில் பூசை முடித்து எடுக்கும்வரை ஓர் எழுத்தும் படிக்கக் கூடாது. பிள்ளைகளுக்கு வருடத்தில் கிடைக்கும் மிகப் பெரிய வரம் அதுதான். அந்த வருடம் சித்தியின் சோதனையும் விஜயதசமியன்றுதான் விழுந்திருந்தது. பொழுது விடியமுதல் கொழும்பு ரயிலைப் பிடிக்கவேண்டும்.

"படிக்கிறதெல்லாத்தையும் கொண்டுவந்து வை பிள்ளை," என்றார் அம்மா.

நான் எல்லாவற்றையும் கொண்டுவந்தேன். அலுமாரியில் இருந்ததை உரித்தேன். கதிரையில் இருந்ததை உரித்தேன். யன்னலில் உரித்தபோது பெயின்ரும் சேர்ந்து வந்தது. தேங்காய் துருவியையும் விடவில்லை. மட்டைகளையெல்லாம் நூலால் கட்டி, என் பாடப்புத்தகங்களுக்கு நடுவே செருகி, மேலே சொற்புத்தகத்தையும் வைத்து, துணியால் மூடினேன். அம்மா பூப்போட்டு, சாம்பிராணி காட்டி, தேவாரமும் பாடி முடித்தார்.

அப்பா வேலையால் வந்தார். சுவரைப் பார்த்தார், கதிரையைப் பார்த்தார்.

"எங்கை இதிலை ஒட்டினதெல்லாம்?"

"சாமிக்கு வைச்சாச்சு," என்றேன். "அதுகளும் படிக்கிறதுதானே. அம்மாதானே எல்லாத்தையும் வைக்கச் சொன்னவ."

அப்பா நேரே சாமியறைக்குப் போய்க் கையை நீட்டினார். நான் ஓடிப்போய்க் கும்பத்துக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன்.

"தொடவிடமாட்டன்!"

அறை விழும் என்று கண்ணை மூடினேன். விழவில்லை. பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"கையை எடுங்கோ! வைச்சதை இடையிலை எடுத்தால் பிள்ளைக்குப் படிப்பு வருமோ?"

"அவளுக்குச் சோதனையடியப்பா! இந்த மூண்டு நாளும் படிக்காமல் என்னத்தை எழுதிறது?"

அம்மாவுக்குத் தங்கையின் கலியாணமும் வேண்டும், சரஸ்வதியும் வேண்டும். அழத் தொடங்கிவிட்டார். அப்பா சித்தியைப் பார்த்தார். அவர் ஒரு சொல் சொன்னால் போதும், துணி விலகிவிடும். சித்தி கதவடியில் நின்று சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"விடுங்கோ அத்தான்," என்றார். "சாமியோடை சண்டை பிடிச்சுக்கொண்டு லண்டனுக்குப் போகேலாது."

அந்த மூன்று நாளும் எங்கள் வீடு வீடாக இருந்தது. அலுமாரி வெறும் அலுமாரியாக நின்றது. சித்தி தலைக்குத் தோய்ந்து, கூந்தலை விரித்துப்போட்டுக்கொண்டு, அவலும் கடலையும் தின்றுகொண்டு என்னோடு தாயம் விளையாடினார். விஜயதசமியன்று அப்பாவோடு இருட்டில் புறப்பட்டுப் போனார்.

முடிவு வந்தது. தேறவில்லை. மாப்பிள்ளை வீட்டார் இன்னொருமுறை எழுதச் சொல்லிவிட்டு, அதற்குள் வேறிடத்தில் பார்த்துவிட்டார்கள். சொந்தபந்தம் முழுவதும் என் பெயர்தான் அடிபட்டது. சித்தியின் வாழ்வைக் கெடுத்த பிள்ளையாம். கலியாண வீடுகளில் என்னைக் காட்டிக் காட்டிப் பேசினார்கள். நான் தலைகுனியவில்லை. ஓம், நான்தான் மறித்தேன், இன்னொருமுறை வந்தாலும் மறிப்பேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு இரண்டாவது பந்தியிலும் இருந்து சாப்பிட்டேன். அப்பா என்னோடு பேச வெகுநாள் எடுத்தது. எடுக்கட்டும்.

பாடசாலைப் போட்டிக்கு முதல்நாளும் நாங்கள் கம்பளை பஸ்ஸில்தான் வந்தோம். சித்தி சொல் சொல்லாகக் கேட்டுக்கொண்டு வந்தார். நான் திணறியதையெல்லாம் அவரே எழுத்துக்கூட்டினார். பாயில் இருந்து அப்பாவிடம் நடுங்கிய அதே சொற்கள், ஓர் எழுத்துப் பிசகாமல் வந்தன.

"இவ்வளவும் தெரியுமெண்டால் கொழும்புச் சோதனையிலை ஏன் பிழைவிட்டனீங்கள்?" என்று கேட்டேன்.

"அங்கை எழுத்துக்கூட்டச் சொல்லேல்லை குஞ்சு. கதைக்கச் சொன்னவை. ஒரு வெள்ளைக்காரி இருந்து என்ர பேரென்ன, என்ன வேலை, லண்டனுக்குப் போக விருப்பமோ எண்டு கேட்டவ."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ஒண்டும் சொல்லேல்லை. வாயே திறக்கேல்லை."

"பேரும் சொல்லேல்லையோ?"

"பேரும் சொல்லேல்லை," என்றார் சித்தி, யன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

எனக்கு நெஞ்சு உருகிப்போய்விட்டது. இவ்வளவு பெரிய சொல்லெல்லாம் தெரிந்த என் சித்திக்கு ஆங்கிலத்தில் தன் பெயரைச் சொல்லத் தெரியவில்லையே! அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்பிடாதேங்கோ, நான் சொல்லித் தாறன்," என்றேன். மை நேம் இஸ் என்று தொடங்கி, பெயர், வேலை, ஊர் எல்லாவற்றையும் வரிவரியாகச் சொல்லிக்கொடுத்தேன். சித்தி என் முகத்தையே பார்த்தபடி, நல்ல பிள்ளையாக, ஒரு பிழையும் விடாமல் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார்.

"பாத்தீங்களோ, எவ்வளவு லேசு," என்றேன். "இதை நான் முதலே சொல்லித் தந்திருக்கவேணும்."

சித்திக்குச் சிரிப்பு வந்தது. கண்ணால் தண்ணீர் ஓடும்வரை, பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்வரை சிரித்தார். பெயர் சொல்லப் பழகிவிட்ட சந்தோஷம் என்று நானும் சேர்ந்து சிரித்தேன். கெலிஓயாவில் இறங்க மறந்து, கம்பளைக்கே போய்விட்டோம்.