சோமுவின் கொசுறு

ஆழாக்கால் அளந்து ஊற்றி முடித்த பிறகும் சோமுவின் கை நிற்காது. கேனுக்குள் மறுபடியும் போய், ஒரு வாய்ப் பாலை அள்ளிவந்து நம் பாத்திரத்தில் விடும். அந்தக் கொசுறு விழுந்தால்தான் அவருக்கு வியாபாரம் முடிந்த மாதிரி. வேண்டாம் என்றால் முகம் சுருங்கிப்போகும். பக்கத்து ஊரான போலகத்தில் மாடு கட்டி, டி.ஆர்.பட்டினத்துத் தெருக்களுக்குப் பால் கொண்டுவருகிறவர். பாலில் தண்ணீர் கலப்பதில்லை. பேச்சில் மட்டும் கொஞ்சம் கலப்பார்.

தை மாதம் அவருக்குக் குடலில் புற்றுநோய் என்று தெரிந்தது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போய் நரம்பில் மருந்து ஏற்றிக்கொண்டு வருவார். சில நாள் படுத்துவிட்டு மறுபடி வண்டியை எடுப்பார். இதற்கிடையில் யாரோ அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டுப் பால், தயிர், முட்டை எல்லாம் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"கன்னுக்குட்டிய வளக்குறது பால்தானங்க. உள்ள இருக்குற கட்டிய மட்டும் வளக்காம விட்டுடுமா?"

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. தான் விஷமென்று தள்ளியதை ஊருக்கு ஊற்றுவது அவரை உறுத்தியது. பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் அளவைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார். கொசுறையும் நிறுத்திவிட்டார். தன் பிழைப்பைத் தானே கெடுத்துக்கொள்ளும் பால்காரரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எரிச்சலும் வந்தது, மரியாதையும் வந்தது. அவர் மனைவி சந்திரலேகா தினமும் பையில் அவித்த முட்டை வைத்து அனுப்புவார். அது எங்கள் வாசல் நாய்க்குப் போகும். நாய் தேறியது, சட்டைக்குள் ஆள் கரைந்துகொண்டே போனார்.

போன வாரம் பாண்டிச்சேரியில் மருந்து ஏற்றாமலே திருப்பி அனுப்பிவிட்டார்கள். எடை இப்படி இறங்கினால் உடம்பு மருந்தைத் தாங்காதாம். அங்கே உணவு முறை சொல்லும் அஸ்ஃபியா என்ற பெண், என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். கஞ்சியும் ரசமும் என்றிருக்கிறார் இவர். வீடியோவில் சொன்னதுபோல் பாலும் முட்டையும் கட்டியை வளர்க்காது, இப்போது உங்களுக்கு அவைதான் தெம்பு, நன்றாகக் காய்ச்சியும் வேகவைத்தும் சாப்பிடுங்கள் என்று அந்தப் பெண் பொறுமையாகச் சொல்லியிருக்கிறார். என்ன தொழில் என்று கேட்டதற்கு மட்டும் இவர் வாயே திறக்கவில்லையாம்.

அந்தப் பெண் சொன்னதை நம்புகிறீர்களா என்று சோமுவிடம் கேட்டேன்.

"நம்புறங்க. பயம்தான் போக மாட்டேங்குது."

இன்று காலை அளந்து ஊற்றியபின் அவர் கை மறுபடி கேனுக்குள் போனது. கொசுறு திரும்பிவிட்டது என்று சந்தோஷமாகப் பாத்திரத்தை நீட்டினேன். அதில் விடவில்லை. பையிலிருந்து ஒரு எவர்சில்வர் தம்ளரை எடுத்து, அதில் ஊற்றி, என்னிடம் கொடுத்தார்.

"இத மட்டும் கொஞ்சம் காய்ச்சிக் குடுங்க."

அடுப்பை மூட்டிவிட்டு எட்டிப் பார்த்தேன். படியில் உட்கார்ந்து, ஆழாக்கின் விளிம்பில் முட்டையைத் தட்டி உரித்துக்கொண்டிருந்தார். நாய் வழக்கம்போல் எதிரே வந்து நின்றது. அவர் நிமிரவே இல்லை.